புல்லில் செய்த மிதிவண்டி

2022ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள். இந்தோனேசியாவின் போகோர் அரண்மனைத் தோட்டத்தில் இருவர் மிதிவண்டி ஓட்டிச் சென்றனர். ஒருவர் அந்நாட்டின் அப்போதைய அதிபர் ஜோக்கோ விடோடோ. மற்றவர் ஆஸ்திரேலியப் பிரதமராகப் பதவியேற்று இரண்டு வாரங்களே ஆகியிருந்த அந்தோணி அல்பனீஸ். நாட்டுத் தலைவர்கள் சந்திக்கும்போது கைகுலுக்குவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், விருந்து உண்பார்கள். மிதிவண்டி ஓட்டுவது அரிது. அதைவிட அரிது, அவர்கள் ஓட்டிய வண்டி. சக்கரங்களும் சங்கிலியும் கைப்பிடியும் எல்லா மிதிவண்டிகளிலும் இருப்பவைதாம். ஆனால், அவற்றைத் தாங்கி நின்ற சட்டகம் மூங்கிலால் ஆனது.

அந்த வண்டிகள் மத்திய ஜாவாவின் தெமாங்கோங் வட்டாரத்தில் உள்ள கண்டாங்கான் என்னும் சிற்றூரிலிருந்து வந்தவை. அவற்றை வடிவமைத்தவர் சிங்கி சுசிலோ கார்தோனோ. பண்டுங் தொழில்நுட்பக் கழகத்தில் வடிவமைப்புப் பயின்ற இவர், பெருநகரத்தில் வேலை தேடாமல் சொந்த ஊருக்கே திரும்பினார். அங்கே மரத்தால் வானொலிப் பெட்டிகளைச் செய்து விற்றார். காலையில் மிதிவண்டி ஓட்டும் பழக்கம் அவருக்கு உண்டு. ஊரைச் சுற்றிலும் மூங்கில் புதர்கள். 2013இல் இவ்விரண்டையும் அவர் இணைத்துப் பார்த்தார். ‘செப்பெடா பாகி’ என்றால் இந்தோனேசிய மொழியில் ‘காலை மிதிவண்டி’ என்று பொருள். அந்த இரு சொற்களையும் சுருக்கி ‘ஸ்பெடாகி’ என்று தம் வண்டிக்குப் பெயரிட்டார்.

மூங்கில் மிதிவண்டியை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் அழகாக இருக்கிறது என்பார்கள். அடுத்த நொடியே, “உடைந்துவிடாதா?” என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சட்டகம் முறிந்தால் ஓட்டுபவருக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால், இக்கேள்விக்கான விடை மூங்கில் தண்டில் மட்டும் இல்லை. பெரும்பகுதி, தண்டும் தண்டும் சேரும் இடத்தில் இருக்கிறது.

முதலில் சட்டகத்தின் வேலையைப் பார்ப்போம். பெரும்பாலான மிதிவண்டிகளின் சட்டகம் இரண்டு முக்கோணங்களால் ஆனது. முன்முக்கோணம் கைப்பிடியையும் இருக்கையையும் மிதிகளையும் இணைக்கிறது. பின்முக்கோணம் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஓட்டுபவரின் எடை மேலிருந்து அழுத்துகிறது. சாலையின் அதிர்ச்சி கீழிருந்து வருகிறது. ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் சட்டகம் பக்கவாட்டில் சற்று முறுக்கப்படுகிறது. இவ்வளவையும் தாங்க வேண்டும்; எடையும் குறைவாக இருக்க வேண்டும். அதனால்தான் எஃகாலோ அலுமினியத்தாலோ சட்டகம் செய்யும்போது திண்மையான கம்பிகளைப் பயன்படுத்தாமல், உள்ளீடற்ற குழாய்களைப் பயன்படுத்துகிறார்கள். வளைவையும் முறுக்கத்தையும் எதிர்ப்பதில் குழாயின் வெளிப்புறமே பெரும்பங்கு வகிக்கிறது. நடுவில் இருக்கும் பொருளால் எடை கூடுமே தவிர வலிமை அதிகம் கூடாது.

தொழிற்சாலையில் உலோகத்தை உருக்கி, இழுத்து உருவாக்கும் அந்தக் குழாய் மூங்கில் புதரில் தானாகவே வளர்ந்து நிற்கிறது.

மூங்கில் மரம்போல் உயர்ந்து நின்றாலும் அது மரமன்று. நெல், கரும்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த புல். தமிழர் இதை நெடுங்காலத்திற்கு முன்பே கவனித்திருக்கின்றனர். வெளிப்புறத்தில் வயிரம் உடையது புல், உட்புறத்தில் வயிரம் உடையது மரம் என்று தொல்காப்பியத்தின் மரபியல் தாவரங்களைப் பிரிக்கிறது. மூங்கிலில் செய்த இசைக்கருவிக்குப் புல்லாங்குழல் என்று பெயர் வந்ததையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். இக்கால அறிவியல் நுண்ணோக்கி வழியாகக் காட்டுவதும் ஏறத்தாழ இதையே. மூங்கில் தண்டைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால், வலிமையான நார்கள் வெளித்தோலை ஒட்டி நெருக்கமாகவும் உள்ளே செல்லச் செல்ல இடைவெளிவிட்டும் இருப்பதைக் காணலாம். மிதிவண்டிக் குழாய்க்கு எங்கே வலிமை தேவையோ அங்கேயே மூங்கில் தன் வலிமையை வைத்திருக்கிறது. தண்டின் நடுவே ஆங்காங்கே உள்ள கணுக்களும் பயனுள்ளவை. குழாய் நசுங்காமலும், ஓரிடத்தில் தோன்றிய வெடிப்பு எளிதாக நீண்டு செல்லாமலும் அவை தடுக்கின்றன.

‘மூங்கில் எஃகைவிட வலிமையானது’ என்று விளம்பரங்களில் எழுதுவதுண்டு. இது பாதி உண்மை. ஒரே கன அளவுள்ள எஃகு, மூங்கிலைப் போல் ஏறத்தாழ 10 மடங்கு எடை கொண்டது. ஆகவே, எடைக்கு எடை ஒப்பிட்டால், நார் ஓடும் திசையில் இழுக்கும்போது நல்ல மூங்கில் சாதாரண எஃகை வெல்லும். ஆனால், நாருக்குக் குறுக்கான திசையில் அதன் நிலை வேறு. கத்தியை மூங்கிலின் முனையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் அது நீளவாக்கில் பிளந்துவிடும். கூடை முடைபவர்களுக்கு இந்தக் குணம் வரம். மிதிவண்டி செய்பவர்களுக்குத் தலைவலி. எஃகு எல்லாத் திசைகளிலும் ஒரே வலிமை உடையது. மூங்கில் அப்படி அன்று. விளம்பரம் சொல்லாமல் விடுவது இதைத்தான்.

மூங்கில் மிதிவண்டி புதிய கண்டுபிடிப்பு என்று பலர் எண்ணுகின்றனர். 1894ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் அது விற்பனைக்கு வந்துவிட்டது. எடை குறைவு, அதிர்வு குறைவு என்று அன்றைய விளம்பரங்களும் அதைப் புகழ்ந்தன. ஆயினும், அது நிலைக்கவில்லை. அக்காலத்தில் மூங்கில் தண்டுகளை உலோகக் குவளைகளில் செருகி இணைத்தனர். மூங்கில் காயக் காயச் சுருங்கும், உலோகம் சுருங்காது. மழைக்காலத்தில் மூங்கில் ஈரத்தை உறிஞ்சிச் சற்று உப்பும். வெயில் வந்தால் மீண்டும் சுருங்கும். எனவே, இணைப்புகள் நாளடைவில் தளர்ந்தன. அதே காலத்தில் எஃகுக் குழாய்களின் விலை குறைந்தது. ஒரே அளவில் ஆயிரக்கணக்கான குழாய்களைத் தொழிற்சாலைகள் உருவாக்கத் தொடங்கின. ஒன்றுபோல் மற்றொன்று இல்லாத மூங்கில் தண்டுகளால் அந்தப் போட்டியில் நிற்க முடியவில்லை.

அதன்பின் நூறாண்டுகள் கழித்து அது மீண்டு வந்த கதையில் ஒரு நாய்க்கும் பங்குண்டு. கிரேக் கால்ஃபி என்பவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கார்பன் இழையால் பந்தய மிதிவண்டிச் சட்டகங்கள் செய்து பெயர் பெற்றவர். 1990களின் நடுப்பகுதியில், ஒரு வணிகக் கண்காட்சியில் மக்களின் கவனத்தை ஈர்க்க ஏதாவது புதுமையாகச் செய்ய வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய நாய் தோட்டத்து மூங்கில் துண்டு ஒன்றைக் கடித்து விளையாடிக்கொண்டிருந்தது. வலுவான பற்களுடைய அந்த நாயால் மூங்கிலை உடைக்க முடியவில்லை. அதைக் கண்டதும் அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது. வேடிக்கைக்காகச் செய்த வண்டி, ஓட்டிப் பார்த்தபோது நன்றாகவே ஓடியது.

நாயைப் பற்றிய செய்தி சுவையானது என்பதால் எல்லாரும் அதையே சொல்கின்றனர். உண்மையில் முக்கியமானது கால்ஃபியின் தொழில் அனுபவம். கார்பன் இழையைப் பிசினில் நனைத்துச் சுற்றிக் குழாய்களை இணைக்கும் முறையை அவர் ஏற்கெனவே அறிந்திருந்தார். அதே முறையை மூங்கிலுக்கும் பயன்படுத்தினார். உலோகக் குவளைக்குள் மூங்கிலைச் செருகுவதற்கு மாறாக, மூங்கிலின் மேல் நாரைச் சுற்றி இறுக்கினார். 1894இல் தீராத சிக்கல் இப்படித்தான் தீர்ந்தது.

இன்று மூங்கில் சட்டகம் செய்யும் பட்டறைகள் பெரும்பாலும் இம்முறையையே பின்பற்றுகின்றன. வேலை மூங்கில் புதரிலேயே தொடங்குகிறது. மூங்கில் முளைக்கும்போதே தன் முழுப் பருமனோடு முளைக்கிறது. மரத்தைப்போல் ஆண்டுதோறும் பருப்பதில்லை. எனவே, பருமனைப் பார்த்து அதன் வயதைக் கணிக்க முடியாது. சில மாதங்களில் முழு உயரத்தை எட்டிவிட்டாலும், அதன் சுவர் முற்றி உறுதியாக 3 முதல் 5 ஆண்டுகள் ஆகும். அனுபவமுள்ளவர்கள் தண்டின் நிறத்தைப் பார்த்தும், தட்டிப் பார்த்து எழும் ஓசையைக் கேட்டும் முற்றியதை அறிவார்கள். சில தோட்டங்களில் முளைத்த ஆண்டைத் தண்டிலேயே குறித்து வைப்பதும் உண்டு. வெட்டுவதற்கு ஏற்றது வறண்ட பருவம். அப்போது தண்டில் மாவுச்சத்துக் குறைவாக இருக்கும். மாவுச்சத்தைத் தின்னத்தான் சிறு வண்டுகள் மூங்கிலைத் துளைக்கின்றன. மூங்கில் நாற்காலியின் அடியில் மெல்லிய மஞ்சள் தூள் உதிர்ந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வண்டின் வேலை தெரிந்திருக்கும். அவற்றைத் தடுக்க, வெட்டிய தண்டுகளை வெண்காரம் கலந்த நீரில் ஊறவைக்கின்றனர்.

அடுத்தது உலர்த்துதல். பொறுமை வேண்டிய கட்டம் இது. வெயிலில் போட்டு விரைவாகக் காயவைத்தால் தண்டு வெடித்துவிடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் காய வேண்டும். சிலர் தண்டின்மேல் நெருப்புச் சுடரை மெதுவாகக் காட்டுவர். எஞ்சிய ஈரம் வெளியேறும். பச்சை நிறம் மாறிப் பழுப்பேறும். இத்தனைக்குப் பிறகும் வெடித்துப்போகும் தண்டுகள் உண்டு. அவற்றை ஒதுக்கிவிடுகின்றனர். பட்டறையில் வெடிக்க வேண்டியது பட்டறையிலேயே வெடிக்கட்டும் என்பது அவர்களின் கணக்கு. சாலையில் வெடித்தால் அன்றோ ஆபத்து!

காய்ந்த தண்டுகளைத் தேவையான நீளத்திற்கு அறுக்கின்றனர். ஓர் உருண்டைத் தண்டின் பக்கத்தில் இன்னோர் உருண்டைத் தண்டு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டுமானால், அதன் முனையை மீனின் திறந்த வாயைப்போல் வளைவாகக் குடைய வேண்டும். உலோகம் இல்லாமலும் முடியாது. கைப்பிடி சுழலும் இடம், மிதிகளின் அச்சு பொருந்தும் இடம், பின்சக்கரத்தைப் பிடிக்கும் முனைகள் ஆகியவற்றுக்கு எஃகு அல்லது அலுமினியத் துண்டுகள் வேண்டும். திருகாணியின் மரையை மூங்கிலில் வெட்டினால் அது நிலைக்காது. தண்டுகளையும் உலோகத் துண்டுகளையும் ஒரு தாங்கியில் சரியான கோணத்தில் பொருத்தி, பிசினால் தற்காலிகமாக ஒட்டுகின்றனர். கோணம் சற்றே பிசகினாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

பிறகு முக்கியமான வேலை. சணல் போன்ற தாவர நார்களையோ கார்பன் இழைகளையோ எப்பாக்சிப் பிசினில் நனைத்து, இணைப்பின்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுகின்றனர். அடிபட்ட மணிக்கட்டில் மருத்துவர் கட்டுப்போடுவது போன்றது இது. பிறகு அதன்மேல் நெகிழி நாடாவை இறுக்கமாகச் சுற்றி, ஊசியால் ஆங்காங்கே துளையிடுகின்றனர். மிகுதியான பிசினும் உள்ளே சிக்கிய காற்றுக்குமிழிகளும் அத்துளைகள் வழியாக வெளியேறும். பிசின் கெட்டியான பிறகு நாடாவைப் பிரித்து, அரத்தால் தேய்த்து, மணல்தாளால் வழவழப்பாக்குகின்றனர். இறுதியில் சட்டகம் முழுவதற்கும் வார்னிஷ் பூசுகின்றனர். கானா நாட்டுப் பட்டறை ஒன்றில் ஒரு சட்டகத்திற்கு ஏறத்தாழ 80 மணி நேரக் கைவேலை தேவைப்படுகிறது.

கண்டாங்கானில் வழி சற்று வேறு. அங்கே கிடைப்பது பெத்தோங் இன மூங்கில். அதன் தண்டு 20 சென்டிமீட்டர்வரை பருமன் கொள்ளும். அத்தனை பருமனான தண்டை அப்படியே மிதிவண்டிக் குழாயாக்க முடியாது. ஆகவே, சிங்கி கார்தோனோ தடித்த அந்தச் சுவரைப் பட்டைகளாகப் பிளந்து, இரண்டு பட்டைகளை முகத்தோடு முகம் வைத்து ஒட்டிக் குழாயாக்கினார். மெல்லிய தண்டு தேடி அலைய வேண்டியதில்லை. குழாயின் அளவையும் விருப்பம்போல் அமைக்கலாம். வயிரம் நிறைந்த தோல்பகுதி இப்போதும் வெளிப்புறத்திலேயே இருக்கிறது. ஊரில் கிடைப்பதை வைத்துக்கொண்டு வடிவத்தை மாற்றினாரே தவிர, வடிவத்திற்கு ஏற்ற மூங்கிலை வெளியூரிலிருந்து வரவழைக்கவில்லை. இவ்வண்டி 2018இல் ஜப்பானின் ‘குட் டிசைன்’ விருதைப் பெற்றது.

மூங்கில் வண்டியை ஓட்டியவர்கள் முதலில் சொல்வது அதன் மென்மையை. கரடுமுரடான சாலையில் அலுமினியச் சட்டகம் ஒவ்வோர் அதிர்வையும் கைகளுக்கும் முதுகுக்கும் கடத்தும். மூங்கிலின் நார்கள் அதிர்வில் ஒரு பகுதியை உறிஞ்சிவிடுகின்றன. எடையைப் பொறுத்தவரை, மூங்கில் சட்டகம் பெரும்பாலும் 2 முதல் 3 கிலோகிராம்வரை இருக்கும்; எஃகுச் சட்டகத்திற்கு ஏறத்தாழ இணையானது. ஏறத்தாழ ஒரு கிலோகிராமே எடையுள்ள கார்பன் சட்டகத்தோடு பந்தயத்தில் போட்டியிட நினைப்பவர்களுக்கு மூங்கில் ஏற்றதன்று. பள்ளிக்கும் வேலைக்கும் கடைக்கும் சென்று வருபவர்களுக்கு அந்த ஒரு கிலோகிராம் ஒரு பொருட்டில்லை.

வலிமையும் ஆய்வு செய்யப்பட்டுள்ளது. மிதிவண்டிகளுக்கென அனைத்துலகத் தர நிறுவனம் வகுத்துள்ள சோதனைகளில், சட்டகத்தை இயந்திரத்தில் பொருத்தி, ஒருவர் மிதிப்பதைப்போல் 100,000 முறை அழுத்துகின்றனர். சில தயாரிப்பாளர்களின் மூங்கில் சட்டகங்கள் இத்தகைய சோதனைகளில் தேறியிருக்கின்றன. இங்கே ‘சில’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரு பட்டறையின் சட்டகம் தேறியது என்பதால் எல்லா மூங்கில் சட்டகங்களும் உறுதியானவை ஆகிவிடா. ஒவ்வொரு தண்டும் வேறு. ஒவ்வொருவரின் கைத்திறனும் வேறு. வீட்டிலேயே மூங்கிலை வெட்டி, இணையத்தில் பார்த்த முறைப்படி ஒட்டி, அன்றே சாலையில் இறங்குவது அறிவுடைமையன்று.

பழுது வரும் இடங்களும் தெரிந்தவைதாம். முதலாவது வெடிப்பு. குளிரூட்டிய அறையிலும் நண்பகல் வெயிலிலும் மாறி மாறி நிற்கும் வண்டியில் மூங்கில் சுருங்கியும் விரிந்தும் நீளவாக்கில் கோடுபோல் வெடிக்கலாம். சிறு வெடிப்பைப் பிசினால் நிரப்பி, நாரைச் சுற்றிக் கட்டிவிடலாம். அலுமினியச் சட்டகத்தில் வெடிப்பு விழுந்தால் பெரும்பாலும் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். மூங்கிலைப் பழுதுபார்ப்பது அதைவிட எளிது. இரண்டாவது ஈரம். வார்னிஷ் உரிந்த இடத்திலும், இருக்கைத் தண்டு செருகப்படும் இடம் போன்ற மறைவான பகுதிகளிலும் நீர் புகுந்தால் மூங்கில் உள்ளிருந்தே மெல்ல மக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது. நம் நாட்டைப்போல் ஆண்டு முழுவதும் மழை பெய்யும் இடங்களில் வண்டியை இரவில் வெளியே விட்டுவைக்கக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது வார்னிஷைச் சரிபார்க்க வேண்டும். மூன்றாவது, மூங்கிலும் உலோகமும் சேரும் இடம். கார்பன் இழை அலுமினியத்தை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால், வியர்வையோ மழைநீரோ பட்டவுடன் மின்கலத்தில் நிகழ்வது போன்ற வேதிவினை தொடங்கி அலுமினியம் அரிக்கப்படும். விவரம் அறிந்தவர்கள் இரண்டிற்கும் இடையில் கண்ணாடி இழையை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவர். மிதிக்கும்போது இணைப்பிலிருந்து ‘கிறீச்’ என்று ஓசை வந்தால் உடனே இறங்கிப் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் உலோகத்துண்டு பிசினிலிருந்து விடுபடுவதற்கான அறிகுறி.

சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்பது மூங்கில் வண்டிக்குக் கிடைக்கும் மற்றொரு பாராட்டு. அலுமினியத்தைத் தாதுவிலிருந்து பிரித்தெடுக்கும் மின்னாற்பகுப்பிற்கு மட்டும் கிலோகிராம் ஒன்றுக்கு ஏறத்தாழ 14 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகிறது. மூங்கிலுக்கு வெயிலும் மழையும் போதும். வெட்டிய பின்னும் வேர்த்தொகுதி உயிரோடு இருந்து அடுத்த முளையை விடுகிறது. இவையெல்லாம் உண்மை. ஆனால், எப்பாக்சிப் பிசின் கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் பொருள்களால் ஆனது. அது மண்ணில் மக்காது. சக்கரமும் சங்கிலியும் பல்சக்கரமும் நிறுத்தக்கருவியும் உலோகமும் இரப்பரும்தான். மூங்கில் மிதிவண்டியில் மூங்கிலாக இருப்பது அதன் எலும்புக்கூடு மட்டுமே.

விலைக்கு வரும்போது கதை இன்னும் சிக்கலாகிறது. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் மூங்கில் நிறைய வளர்கிறது. அங்கே குமாசி நகரை மையமாகக் கொண்டு, பெர்னிஸ் டப்பா என்ற பெண்மணி 2009இல் மூங்கில் மிதிவண்டித் திட்டம் ஒன்றை நிறுவி, இளையோருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இத்தொழிலைக் கற்றுக்கொடுத்து வருகிறார். பள்ளிக்கு நெடுந்தூரம் நடக்கும் பிள்ளைகளுக்கும், விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் உழவர்களுக்கும் மிதிவண்டி தேவை என்பதே அவரது நோக்கம். ஆனால், கைவேலை மிகுந்த பொருளுக்கு விலையும் மிகுதி. மூங்கில் இலவசமாகக் கிடைத்தாலும் பல்சக்கரத்தையும் சங்கிலியையும் வெளிநாட்டிலிருந்தே வரவழைக்க வேண்டும். பழைய எஃகு வண்டியோ அதைவிட மலிவாகக் கிடைக்கிறது. ஆகவே, கானாவில் உருவாகும் மூங்கில் சட்டகங்களில் பல கப்பலேறி ஐரோப்பாவுக்குச் செல்கின்றன. மேலே குறிப்பிட்ட 80 மணி நேரச் சட்டகமும் அவ்வாறே. அது யோன்சோ என்னும் சிற்றூரில் உருவாகி, ஜெர்மனியின் கீல் நகரில் உள்ள நிறுவனத்தால் முழு மிதிவண்டியாக்கப்பட்டு, ஆயிரம் யூரோவுக்கும் மேலான விலையில் விற்கப்படுகிறது. செய்தவரால் வாங்க முடியாத வண்டி அது. அதே நேரத்தில், அந்த விற்பனை வருவாயில் யோன்சோவில் வேலைவாய்ப்பு உருவாகியிருக்கிறது. ஒரு பள்ளிக்கும் அது துணைநிற்கிறது. இதில் எதை முதலில் கணக்கில் எடுப்பது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம்.

பிலிப்பீன்சின் மணிலாவில் இந்த விலைச் சிக்கலுக்கு ஒரு வழி கண்டிருக்கின்றனர். அங்கே இன்ட்ராமுரோஸ் என்னும் பழைய கோட்டை நகரைச் சுற்றிப் பார்க்க வரும் பயணிகளுக்கு மூங்கில் மிதிவண்டிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. முழு விலை கொடுத்து வாங்காமலே ஒருவர் அதை ஓட்டிப் பார்த்துவிடலாம்.

கண்டாங்கானில் நோக்கம் வண்டியோடு நிற்கவில்லை. ஜாவாவின் சிற்றூர்களில் பள்ளிப் படிப்பு முடித்த இளையோர் ஜக்கார்த்தாவுக்கும் பிற நகரங்களுக்கும் வேலை தேடிப் போய்விடுகின்றனர். முதியோரும் மூங்கில் புதர்களும் எஞ்சி நிற்க, புதர்களோ கவனிப்பாரின்றிக் குப்பை கொட்டும் இடங்களாகின்றன. ஊரிலேயே நல்ல வருமானம் தரும் நுட்பமான வேலை இருந்தால் சிலராவது தங்குவர் என்று சிங்கி கார்தோனோ கருதினார். அருகிலுள்ள ஙாடிப்ரோனோ என்னும் இடத்தில் இன்னொரு மூங்கில் தோப்பைத் துப்புரவாக்கி, 2017இல் அங்கே ஒரு சந்தை தொடங்கப்பட்டது. ஜாவானிய நாள்காட்டியில் 35 நாள்களுக்கு இரு முறை, குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் அது கூடுகிறது. ஊர்மக்கள் சமைத்த பலகாரங்களும் காய்கறிகளும் கைவினைப் பொருள்களும் அங்கே விற்கப்படுகின்றன. வருபவர்கள் நுழைவிடத்தில் ரூப்பியாவைக் கொடுத்து மூங்கில் வில்லைகளை வாங்கிக்கொள்ள வேண்டும். சந்தைக்குள் அந்த வில்லைகளே பணம். மிதிவண்டி வாங்க வசதியில்லாத வீட்டுக்கும் மூங்கிலால் வருமானம் கிடைக்க இச்சந்தை வழி செய்தது.

பெத்தோங் மூங்கில் மலேசியாவிற்கும் அறிமுகமானதுதான். அதன் இளமுளையே சந்தையில் ‘ரெபோங்’ என்ற பெயரில் விற்கப்பட்டு, கறியாகச் சமைக்கப்படுகிறது. கோலாலம்பூருக்கு அருகில் ஒரு சுங்கை பூலோ, சிங்கப்பூரின் வடமேற்கில் ஒரு சுங்கை பூலோ. இரண்டு பெயர்களுக்கும் மூங்கில் ஆறு என்பதே பொருள். எல்லா மூங்கிலும் வண்டிக்கு உதவும் என்பதில்லை. நோன்புப் பெருநாளுக்கு லெமாங் சுடப் பயன்படும் மூங்கிலின் சுவர் மெல்லியது. நெருப்பின் சூடு அரிசியை விரைவாகச் சென்றடைய அது ஏற்றது. ஒருவரின் எடையைத் தாங்க ஏற்றதன்று. பெத்தோங்கின் சுவர் தடிப்பானது. அதன் முளையை வெட்டிக் கறிக்கு எடுக்காமல் விட்டுவைத்தால், 3 முதல் 5 ஆண்டுகளில் கண்டாங்கான் பட்டறையில் பயன்படும் அதே வகைத் தண்டு கிடைத்துவிடும்.